புகை நம் நெஞ்சில், லாபம் அவர்கள் பையில்!

புது எஞ்சின் வருகிறதாம். டீசலுக்கு இனிப் புகையே இராதாம். காட்டாமணக்கு எண்ணெய், பாமாயில், கரும்பிலிருந்து வடித்த சாராயம், எதை வேண்டுமானாலும் டீசலில் கலந்து எரிக்கலாமாம். சோறு போடும் விவசாயி இனி எரிபொருளும் போடுவானாம். நாட்டின் வறுமை எஞ்சினுக்குள்ளேயே எரிந்து சாம்பலாகிவிடுமாம்!

இந்தக் கூப்பாட்டை நாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறோம். செடியின் பெயர் மாறுகிறது, எண்ணெயின் பெயர் மாறுகிறது, மேடையில் நின்று பேசும் மந்திரி மாறுகிறார். நம் நிலைமை மட்டும் மாறவில்லை.

டீசல் எஞ்சின் நமக்குப் புதிதல்ல. வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷத்தில் கிணற்று மேட்டில் இராப்பகலாகத் துடித்துக்கொண்டிருப்பது அதுதான். பஞ்சுப் பொதியை மில்லுக்குக் கொண்டுவரும் லாரியில் இருப்பதும், நம் கை அரிவாளைப் பிடுங்கிக்கொண்ட அறுவடை யந்திரத்தில் இருப்பதும் அதுதான். 2012-ம் ஆண்டில் தமிழ்நாடு மின்வெட்டில் தத்தளித்தபோது மில்களின் பின்புறத்தில் நாள் முழுவதும் உறுமிய ஜெனரேட்டரும் அதுதான். அதன் புகையை விழுங்கியவர்கள் நாம். ஆகவே அதைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. இஞ்சினீயர் பட்டம் பெற்றவர்தான் பேச வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

யந்திரம் நம் விரோதியல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. விஞ்ஞானத்துக்கும் விரோதிகள் அல்ல. விஞ்ஞானம் உழைப்பாளி மக்களின் தோழன். அதை வீட்டு வேலைக்காரனாக வைத்திருக்கும் முதலாளியோடுதான் நமக்குச் சண்டை.

இந்த எஞ்சின் எப்படி ஓடுகிறது? பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைக்க ஒரு பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே சங்கதிதான். நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அந்த நேரத்தில் டீசலைப் பீச்சியடித்தால் அது தானாகவே பற்றிக்கொள்கிறது. வேறு நெருப்பு வேண்டாம்.

பிறகு புகை எங்கிருந்து வருகிறது? பீச்சியடிக்கும் முனையில் 0.2 மில்லிமீட்டர்கூட இல்லாத துளைகள். இன்றைய எஞ்சின்களில் சதுர சென்டிமீட்டருக்கு 2,000 கிலோவை எட்டும் அழுத்தத்தில் டீசல் அதன் வழியே சீறிப் பாய்கிறது. அப்படிப் பாய்ந்தும் அது முழுக்க ஆவியாகிவிடுவதில்லை. நுண்ணிய துளிகளாகத்தான் உள்ளே போகிறது. காற்றோடு நன்றாகக் கலந்த பாகம் சுத்தமாக எரிகிறது. காற்று போதாமல் நடுவில் மாட்டிக்கொண்ட பாகம் கருகுகிறது. தணலில் போட்ட கிழங்கு வெளியே கரிந்து உள்ளே வேகாமல் இருக்குமே, அதைப் போல. அந்தக் கரிதான் வால் பிடித்துக்கொண்டு புகைக்குழாய் வழியே வெளியே வருகிறது.

இதற்கு விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். எந்தத் திரவத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் சூடாக்கி, அதோடு நெருக்கவும் செய்தால், அது திரவமும் இல்லை, ஆவியும் இல்லை என்ற ஒரு நிலையை அடைகிறது. தண்ணீருக்கு அந்த எல்லை 374 டிகிரி சூடும், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 218 மடங்கு அழுத்தமும். பாடப் புத்தகத்தில் இதற்கு மாறுநிலை என்று பெயர். அதைத் தாண்டியதைத்தான் 'சூப்பர் கிரிட்டிக்கல்' என்கிறார்கள். டீசலை 400 டிகிரி அளவுக்குச் சூடாக்கி இந்த நிலைக்குக் கொண்டுபோய்ப் பீச்சினால் துளி என்பதே இராது. கொட்டிய தண்ணீர் துளியாகத் திரளும். ஊதிய சாம்பிராணிப் புகை அறை முழுவதும் பரவும். டீசலும் அப்படிப் பரவிக் காற்றோடு கலந்துவிடுகிறது. கலந்தது எரிகிறது. கரி குறைகிறது.

ஆனால் வெறும் டீசலை அவ்வளவு சூடாக்கினால் குழாய்க்குள்ளேயே அது கரியாகப் படிந்து முனையை அடைத்துவிடும். அதனால்தான் கலப்பு. எஞ்சின் கக்கும் கழிவு வாயுவையோ, கரியமில வாயுவையோ, எத்தனாலையோ சேர்த்துக் கலக்கிறார்கள். எத்தனாலின் எல்லை 241 டிகிரிதான். ஆகவே கலவையின் எல்லையும் இறங்குகிறது. கரி படிவதும் குறைகிறது. சூடாக்குவதற்கான வெப்பத்தைக்கூடப் புகைக்குழாயில் வீணாய்ப் போகும் சூட்டிலிருந்தே எடுக்கலாம். அமெரிக்காவில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

அருமையான வித்தை! இதைக் கண்டவர்களின் மூளையை நாம் வணங்குகிறோம். இதில் கஷ்டங்கள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவ்வளவு சூட்டையும் அழுத்தத்தையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும் உலோகம் வேண்டும். கரியை அடக்கினால் நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற விஷவாயு தலைதூக்காமல் பார்க்க வேண்டும். இவை நிஜமான பிரச்னைகள். விஞ்ஞானிகள் தீர்க்கட்டும்.

ஆனால் நம் கேள்வி வேறு. வித்தை தயாரான மறுநாளே அது நம் லாரிக்கும் பம்புசெட்டுக்கும் வந்துவிடுமா? சரித்திரம் என்ன சொல்கிறது?

வித்தை இருந்தது, வரவில்லை

கரியை வடிகட்டிப் பிடிக்கும் சல்லடை ஒன்று உண்டு. புகைக்குழாயில் பொருத்துவது. பிரான்ஸ் நாட்டின் பியூஜோ கம்பெனி 2000-ம் ஆண்டிலேயே அதைத் தன் காரில் பொருத்தி விற்றது. இந்தியாவில் அது பரவலாக வந்தது எப்போது? 2020 ஏப்ரல் 1-ந் தேதி பி.எஸ்.-6 விதி அமலுக்கு வந்த பிறகு! இருபது வருஷம்!

இந்த இருபது வருஷம் விஞ்ஞானம் தூங்கிக்கொண்டிருந்ததா? இல்லை. ஐரோப்பியப் பணக்காரனின் நுரையீரலுக்கு ஒரு விலை, நம் நாட்டு லாரி கிளீனரின் நுரையீரலுக்கு வேறு விலை என்று கம்பெனிகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. சட்டம் கழுத்தைப் பிடிக்கும்வரை எந்த முதலாளியும் தானாகச் சல்லடை மாட்டவில்லை. அந்தச் சட்டமும் தானாக வரவில்லை. டில்லி மாநகரம் மூச்சுத் திணறிய பிறகு, வழக்குகளும் கூக்குரலும் எழுந்த பிறகுதான் வந்தது.

12,315 சுரங்கத் தொழிலாளர்கள்

பஞ்சாலைத் தோழர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பஞ்சுத் தூசியால் நெஞ்சடைப்பு வருகிறது என்று தொழிலாளி சொன்னபோது, பீடிதான் காரணம் என்று சொல்லி அனுப்பினார்கள். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுகுகிறதே, அது எந்தப் பீடியால் வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. டீசல் புகைக் கதையும் அதே கதைதான். ஆனால் இன்னும் பெரியது.

1988-ம் ஆண்டிலேயே உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று எச்சரித்தது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள அமெரிக்க அரசாங்க விஞ்ஞானிகள் 1990-களில் ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். பொட்டாஷ், உப்பு, சுண்ணாம்புக்கல் போன்றவற்றை வெட்டியெடுக்கும் 8 சுரங்கங்களில் வேலை செய்த 12,315 தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் கணக்கெடுத்தார்கள். பூமிக்கடியில், காற்றோட்டமில்லாத பொந்துக்குள், டீசல் வண்டிகளோடு உழைத்தவர்கள் அவர்கள்.

சுரங்க முதலாளிகள் என்ன செய்தார்கள்? காற்றோட்டத்தைப் பெருக்கினார்களா? இல்லை, கோர்ட்டுக்குப் போனார்கள்! சங்கம் வைத்து, வக்கீல் வைத்து, ஆராய்ச்சியின் நகல்களை முன்கூட்டியே எங்களுக்குக் காட்டு என்று வழக்காடினார்கள். ஆண்டுகள் உருண்டன. 2012-ம் ஆண்டில் முடிவு வெளிவரும் தறுவாயில் விஞ்ஞானப் பத்திரிகைகளுக்கே வக்கீல் கடிதம் பறந்தது.

ஆனாலும் உண்மை வெளிவந்தது. 2012 மார்ச்சில் பிரசுரமான அந்த ஆராய்ச்சி சொன்னது இதுதான்: புகையில் அதிகமாக உழன்ற தொழிலாளிகள், குறைவாக உழன்றவர்களைக் காட்டிலும் நுரையீரல் புற்றுநோயால் சாகும் அபாயம் சுமார் மூன்று மடங்கு. அதே ஆண்டு ஜூனில் உலக அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று திட்டவட்டமாக அறிவித்தது. எச்சரிக்கைக்கும் தீர்ப்புக்கும் நடுவில் 24 ஆண்டுகள்! அந்த 24 ஆண்டுகளில் எத்தனை தொழிலாளர் நெஞ்சு கரியாயிற்று? யார் அதற்குப் பதில் சொல்வது?

பரீட்சையில் ஏமாற்றிய கம்பெனிகள்

இன்னொரு கதையையும் கேளுங்கள். இது களவாணிக் கதை.

1998-ம் ஆண்டில் அமெரிக்காவில் லாரி எஞ்சின் செய்யும் 7 பெரிய கம்பெனிகள் பிடிபட்டன. கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மாக், நேவிஸ்டார், ரெனோ, வோல்வோ. இவர்கள் எஞ்சினுக்குள் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். பரீட்சை நடக்கும்போது எஞ்சின் யோக்கியனாக நடிக்கும். நெடுஞ்சாலையில் ஓடும்போது சட்டம் அனுமதித்ததைவிட அதிகமாக விஷவாயுவைக் கக்கும். இப்படிப்பட்ட எஞ்சின்கள் 13 லட்சம்! அபராதம் 8 கோடியே 34 லட்சம் டாலர். எந்த முதலாளியும் கம்பி எண்ணவில்லை.

புத்தி வந்ததா? 2015 செப்டம்பரில் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி அதே திருட்டில் பிடிபட்டது. உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் அந்த ஏமாற்று வேலை. அமெரிக்கச் சட்டம் அனுமதித்ததைப் போல 40 மடங்கு வரை விஷவாயு! இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? பெரிய சர்க்கார் இலாகா அல்ல. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சிறு குழு. கருவியைக் காரிலேயே கட்டிச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். குட்டு உடைந்தது. 2017-ல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 430 கோடி டாலர் அபராதம் கட்டியது.

கவனியுங்கள் தோழர்களே. புகையை அடக்கும் வித்தை தெரியாமல் அவர்கள் திருடவில்லை. வித்தை தெரியும். சல்லடை தெரியும். யூரியா கரைசலைப் பீச்சி விஷவாயுவை முறிப்பதும் தெரியும். அதை ஒழுங்காகச் செய்தால் செலவு ஏறும், லாபம் குறையும். ஆகவே சுத்தமான எஞ்சின் என்று விளம்பரம் செய்துகொண்டே அசுத்தமான எஞ்சினை விற்றார்கள். நாளைக்கு மாறுநிலை தாண்டிய எஞ்சினும் இதே கைகளில்தான் போய்ச் சேரும். அப்போது மட்டும் அந்தக் கைகள் சுத்தமாகிவிடுமா?

கலப்பு எண்ணெயின் ஜாதகம்

எஞ்சினை விட்டு இனி எண்ணெய்க்கு வருவோம். மில் தொழிலாளியின் நெஞ்சிலே விழுகிற அடி, இங்கே விவசாயத் தொழிலாளியின் வயிற்றிலே விழுகிறது.

தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓட்டுவது இன்றைய கண்டுபிடிப்பு அல்ல. 1900-ம் ஆண்டு பாரீஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிற்று. வேடிக்கை பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். யார் கேட்டு அதைச் செய்தார்கள்? பிரெஞ்சு சர்க்கார். எதற்காக? ஆப்பிரிக்காவில் தன் காலனிகளில் கடலை விளைகிறது. அங்கேயே அதை எரித்து யந்திரம் ஓட்டலாம் என்பதற்காக. அடிமை நாட்டு உழவனின் கடலை, எஜமானனின் எஞ்சினுக்கு!

1937-ல் பெல்ஜியத்தில் ஒரு விஞ்ஞானி பாமாயிலை எத்தனாலோடு சேர்த்து, டீசலைப் போல எரியும் எண்ணெயாக மாற்றும் முறைக்குப் பேடண்ட் வாங்கினார். அடுத்த வருஷமே பிரஸ்ஸல்ஸுக்கும் லுவேனுக்கும் இடையே ஒரு பஸ் அந்த எண்ணெயில் ஓடிற்று. இன்று பயோடீசல் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதன் பிறப்பு இதுதான். அந்தப் பாமாயில் எங்கிருந்து வந்தது? பெல்ஜியம் அடிமைப்படுத்தி வைத்திருந்த காங்கோவிலிருந்து. அங்கே லீவர் கம்பெனிக்குப் பனங்குலை வெட்டித் தரும்படி கட்டாய வேலை வாங்கினார்கள். வரியும் சவுக்கும் தாங்காமல் 1931-ல் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பஸ்ஸில் ஏறிய பிரஸ்ஸல்ஸ் கனவான்களுக்கு அந்த ரத்த வாடை தெரிந்திருக்குமா?

ஆடு மேயாத செடி

நம் நாட்டில் என்ன நடந்தது? 2003-ல் அன்றைய திட்டக் கமிஷனின் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. தரிசு நிலமெல்லாம் காட்டாமணக்கு நடுங்கள், நாட்டுக்கு டீசல் கிடைக்கும் என்றது. 2009-ல் மத்திய சர்க்கார் ஒரு கொள்கையே வெளியிட்டது: 2017-க்குள் டீசலில் நூற்றுக்கு இருபது பங்கு தாவர எண்ணெய் கலப்போம் என்று.

தரிசு நிலம் என்றால் என்ன? தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் அது தரிசு. ஊரில் அது நம் ஆடு மேயும் இடம். சுள்ளி பொறுக்கும் இடம். கூலி இல்லாத மாதங்களில் விவசாயத் தொழிலாளியின் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் இடம். காட்டாமணக்கின் இலையை ஆடு தின்னாது, விதை விஷம். ஒரு சொந்தக்காரன் இல்லாத நிலம் என்று சொல்லி, ஊரார் அத்தனை பேருக்கும் சொந்தமான நிலத்தில் இந்தச் செடியை நடச் சொன்னார்கள்.

அது மட்டுமா? தமிழ்நாட்டில் நடந்த ஒரு கள ஆராய்ச்சி 2010-ல் வெளிவந்தது. காட்டாமணக்கு தரிசில் மட்டும் போகவில்லை, விவசாயிகளின் பட்டா நிலத்திலும் புகுந்தது என்று அது காட்டியது. சொன்ன மகசூல் வரவில்லை. தண்ணீர் பாய்ச்சியும் வரவில்லை. பணக்காரப் பண்ணைக்கு அது கூலி குறைந்த பயிர்; சிறு விவசாயிக்கு நஷ்டப் பயிர். கூலிக்காரனுக்கோ? கடலை பிடுங்கும் வேலை போயிற்று, களை பறிக்கும் வேலை போயிற்று, கையில் மிஞ்சியது விஷ விதை!

2017 வந்தது, போயிற்று. இருபது பங்கு வரவில்லை. 2018-ல் புதுக் கொள்கை போட்டார்கள்: 2030-க்குள் ஐந்து பங்கு என்று. இருபது ஐந்தானது, வருஷம் பதின்மூன்று தள்ளிப்போயிற்று. செடி நட்டவனின் கடனை யாரும் தள்ளிப்போடவில்லை.

எண்ணெய் நாட்டில் எண்ணெய்ப் பஞ்சம்

கலப்பு எரிபொருள் 'வெற்றி' அடைந்த நாடு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். இந்தோனேஷியா! உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் உற்பத்தி செய்யும் நாடு. அங்கே 2020-ல் டீசலில் நூற்றுக்கு முப்பது பங்கு பாமாயில் கலவை. 2025-ல் அது நாற்பதாயிற்று. பாமாயில் ஏற்றுமதி மீது வரி வசூலித்து, அந்தப் பணத்திலிருந்து பயோடீசல் கம்பெனிகளுக்கு மானியம் கொடுக்கிறார்கள்.

அப்படிப்பட்ட நாட்டில் 2022-ம் ஆண்டுத் தொடக்கத்தில் தாய்மார்கள் சமையல் எண்ணெய்க்கு மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை எண்ணெய்ப் பனை; கடையில் எண்ணெய் இல்லை! கப்பலில் விலை ஏறினால் கப்பலுக்கு, எஞ்சினில் மானியம் கிடைத்தால் எஞ்சினுக்கு, கடைசியில்தான் ஏழையின் வாணலிக்கு. கொதித்த மக்களைச் சமாளிக்க அந்த சர்க்கார் அந்த ஏப்ரலில் ஏற்றுமதியையே தடை செய்ய நேர்ந்தது.

நம் நாடு தின்னும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பங்கு இந்தப் பாமாயில். இந்தோனேஷிய எஞ்சின் அதிகமாகக் குடித்தால் நம் வீட்டுத் தாளிப்புக் கரண்டி காய்கிறது. தொலைவில் நடப்பது நமக்கென்ன என்று இருக்க முடியுமா?

சோறும் அப்படித்தான். பெட்ரோலில் எத்தனால் கலப்பதற்காக, 2024-25 எத்தனால் ஆண்டுக்கு இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து 52 லட்சம் டன் அரிசியை மத்திய சர்க்கார் ஒதுக்கியது. விலை கிலோ 22 ரூபாய் 50 காசு. சாராய ஆலைக்கு! அதே கிலோ அரிசியை நாம் கடையில் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெட்ரோலோடு நிற்கவில்லை. டீசலில் எத்தனால் கலக்கும் முயற்சி சரிப்படவில்லை, இனி ஐசோபியூட்டனால் கலந்து பார்க்கிறோம் என்று 2025-ல் மத்திய மந்திரி அறிவித்தார். அதையும் கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கலாம். ஆக, எஞ்சின் வாய் திறந்து காத்திருக்கிறது.

மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போது பிள்ளைக்குச் சோறு வைத்தாயா என்று கேட்பது ஊர் வழக்கம். எஞ்சினுக்குத் தீவனம் வைக்கும் சர்க்காரை நாம் அதே கேள்விதான் கேட்கிறோம்.

டீசலின் தேன்கூடு

இந்த எஞ்சினைப் படைத்த ருடால்ப் டீசலைப் பற்றி ஒரு வார்த்தை. 1858-ல் பாரீஸில் பிறந்த ஜெர்மானியர். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரத்து ஆலையில் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அன்றைய நீராவி எஞ்சின் நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்கைக்கூட உருப்படியாகப் பயன்படுத்துவது அபூர்வம். அவருடைய எஞ்சினோ எண்ணெயின் சக்தியில் நான்கில் ஒரு பங்கை வேலையாக மாற்றிற்று. பெரிய ஆலை முதலாளியிடம் மட்டும் இருக்கும் நீராவியின் பலம் சிறிய பட்டறைக்காரனுக்கும் கிடைக்கட்டும் என்பது அவர் ஆசை.

அதோடு அவர் நிற்கவில்லை. 1903-ல் ஒரு புத்தகம் எழுதினார். தொழிலாளர் எல்லோரும் தினம் சில காசு சேர்த்துப் பொது நிதி திரட்டி, அதைக் கொண்டு தங்களுக்கே சொந்தமான தொழிற்சாலைகளை நிறுவவேண்டும் என்றார். அந்தக் கூட்டு ஆலைகளுக்குத் தேன்கூடு என்று பெயரிட்டார். புத்தகம் விற்கவில்லை, யாரும் கவனிக்கவில்லை. 1913 செப்டம்பரில், கடனில் மூழ்கியிருந்த அவர், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலிருந்து காணாமற் போனார். பிறகு கடலில் பிணம் கிடைத்தது. அடுத்த ஆண்டு உலக யுத்தம் மூண்டது. அவருடைய எஞ்சின் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஏறி மனிதரைக் கொல்லப் போயிற்று.

நல்ல மனிதர். ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். தேன்கூட்டைக் காசு சேர்த்து வாங்கிவிட முடியாது. தேனைத் திருடுகிறவனை முதலில் விரட்ட வேண்டும். யந்திரம் எவ்வளவு நல்லதாயிருந்தாலும், அது யார் கையில் இருக்கிறதோ அவன் குணத்தைத்தான் காட்டும்.

நாம் கேட்பது என்ன?

சிலர் நம்மைக் கேட்பார்கள்: அப்படியானால் பழைய புகை எஞ்சினே இருக்கட்டும் என்கிறீர்களா? வெளிநாட்டு எண்ணெய்க்கே காசைக் கொட்டலாம் என்கிறீர்களா? இல்லவே இல்லை! நாடு வாங்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது என்பது நமக்கும் தெரியும். புகை குறைய வேண்டும். எண்ணெய் மிஞ்ச வேண்டும். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் தகராறு. பி.எஸ்.-6 வந்தபோது லாரியின் விலை ஏறிற்று. யூரியா கரைசல் செலவு சேர்ந்தது. ஒற்றை லாரி வைத்துக் கடனில் ஓட்டுகிறவனும், அவனிடம் படி வாங்குகிற டிரைவரும் அதைச் சுமந்தார்கள். கம்பெனி ஒரு காசு இழக்கவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று: புகை குறைக்கும் ஆராய்ச்சி மக்கள் பணத்தில், பொதுத்துறையில் நடக்கட்டும். அதன் பலன் எந்தத் தனிக் கம்பெனியின் பேடண்டாகவும் பூட்டப்படக் கூடாது. முதலில் அது பஸ்ஸுக்கும், லாரிக்கும், சிறு விவசாயியின் பம்புசெட்டுக்கும் வர வேண்டும்.

இரண்டு: பட்டறை, துறைமுகம், சுரங்கம், ஜெனரேட்டர் அறை எதுவாயினும், தொழிலாளி சுவாசிக்கும் காற்றில் டீசல் கரிக்கு வரம்பு வை! ஐரோப்பிய நாடுகள் ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம் என்று 2023 பிப்ரவரியிலிருந்து வரம்பு வைத்திருக்கின்றன. ஐரோப்பியத் தொழிலாளிக்கு நெஞ்சு இருக்கிறது, நமக்கு இல்லையா? அளப்பதும் கம்பெனியின் ஆளாக இருக்கக் கூடாது. தொழிற்சங்கப் பிரதிநிதி கூட நிற்க வேண்டும். பரீட்சையில் ஏமாற்றியவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுக்க முடியாது.

மூன்று: நுரையீரல் நோய் கண்ட டிரைவர், மெக்கானிக், மில் தொழிலாளி எல்லோருக்கும் அதைத் தொழில் நோயாகக் கணக்கில் எடுத்து வைத்தியமும் நஷ்டஈடும் கொடு!

நான்கு: மேய்ச்சல் நிலத்திலும் உணவு விளையும் நிலத்திலும் எரிபொருள் பயிர் கூடாது. கழிவு எண்ணெய், சாணம், வைக்கோல் என்று மனிதன் தின்னாதவற்றிலிருந்து எரிபொருள் செய். அதை நாம் வரவேற்கிறோம். தரிசு என்று சொல்லும் நிலத்தை நிலமற்ற விவசாயத் தொழிலாளிக்குப் பட்டா போட்டுக் கொடு! அவன் என்ன பயிரிடலாம் என்று அவனுக்குத் தெரியும்.

ஐந்து: கிடங்கு அரிசி முதலில் ரேஷன் கடைக்கு. சாராய ஆலை காத்திருக்கட்டும்!

இவை ஆகாத காரியங்கள் அல்ல. வேலை நேரத்துக்கு வரம்பு வைத்தபோதும் ஆலை மூடிவிடும் என்றுதான் பயமுறுத்தினார்கள். ஆலை மூடவில்லை. கூலி உயர்வு கேட்டபோதும் வயல் தரிசாகும் என்றார்கள். வயல் தரிசாகவில்லை. போராடியவன்தான் பெற்றான்.

மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் வேறு வேறு ஆட்கள் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருவர் நெஞ்சில் விழும் கரியும், இன்னொருவர் வயிற்றில் விழும் அடியும் ஒரே எஞ்சினிலிருந்து வருகின்றன. கிணற்று மேட்டு எஞ்சினும் மில் வாசல் லாரியும் நம் கையால் ஓடுகின்றன. ஓட்டுகிற கை ஒன்று சேர்ந்தால், அது யாருக்காக ஓட வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்யலாம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் வையுங்கள். ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். கையெழுத்துச் சேருங்கள். புகையை விழுங்கியது போதும்!